தேவதைகளுக்கும் கால் வலிக்கும்

செவிலியர்களை "வெள்ளுடைத் தேவதைகள்" என்று புகழாத ஆண்டு மலர் உண்டா? மே 12-ஆம் நாள், புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாளன்று, அவர்கள் மெழுகுவர்த்தி ஏந்தி உறுதிமொழி எடுக்கிறார்கள்; நாம் கைதட்டுகிறோம். 2020 மார்ச் 22-இல் மொட்டை மாடியில் நின்று தட்டையும் தட்டினோம். அதே ஆண்டில், கழிப்பறைக்குப் போக நேருமே என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் அவர்கள் கவச உடைக்குள் மணிக்கணக்கில் நின்றார்கள். தேவதைக்குப் பசியும் தாகமும் கிடையாது என்று நாம் நம்பிவிட்டோமோ என்பதே என் ஐயம்.

பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிகளுக்கு ஒருவர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. விடுப்பில் செல்வோருக்கு ஈடாக நூற்றுக்கு 30 பேர் கூடுதலாக வேண்டும் என்றும் அதில் உண்டு. அடுத்த முறை உறவினரைப் பார்க்க வார்டுக்குச் செல்லும்போது, கட்டில்களையும் செவிலியர்களையும் எண்ணிப் பாருங்கள். கணக்கில் நான் கெட்டிக்காரி அல்லள். இந்த வகுத்தல் எனக்கே புரிந்தது.

என் சித்தி ஒரு நர்ஸ். இரவுப் பணி முடித்து வீடு திரும்பிய காலையிலேயே, "வர வேண்டியவர் வரவில்லை" என்று மறுபடியும் அழைப்பு வரும். கதை சொல்லிச் சிரிக்க வைக்கும் சித்தி, சில வாரங்கள் எவருடனும் பேசமாட்டார். கொடுத்த மருந்தைக் கொடுத்தோமா என்று சந்தேகப்பட்டு ஏட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டுவாராம். "முன்பெல்லாம் நோயாளி கூப்பிட்டால் ஓடுவேன். இப்போது எரிச்சலாக வருகிறது. எனக்கே பயமாக இருக்கிறதடி" என்றார்.

சித்தியின் மனம் கல்லாகிவிட்டதா? உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்களைக் கூறியது: உடலும் உள்ளமும் வற்றிப்போதல், வேலையின்மீது வெறுப்போ விலகலோ தோன்றுதல், திறமை குறைதல். இது நோயன்று, சரிவரக் கவனிக்கப்படாத பணி அழுத்தத்தின் விளைவு என்றும் அது விளக்குகிறது. ஆகவே, சிடுசிடுக்கும் நர்ஸிடம் பொறுமையைப் போதிக்கும் முன், அவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்பதே நியாயம்.

"சேவை என்று வந்தபின் கஷ்டப்படத்தானே வேண்டும்?" என்பார்கள் பெரியோர்கள் சிலர். மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில், பணி முடித்துத் திரும்பிய சீடர்களுக்கு உண்ணவும் நேரமில்லை. நம் ஆண்டவர் அவர்களிடம் இன்னும் சற்றுத் தாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. ஓய்வெடுக்கத் தனிமையான இடத்திற்கு அழைத்தார். மறைக்கல்வி வகுப்பில் இப்பகுதியை நாம் விரைவாகக் கடந்துவிடுகிறோம்!

பெரிய செலவில்லாத வழிகளும் இருக்கின்றன. பணிப் பட்டியலை முன்கூட்டியே தரலாம். இரவுப் பணிக்கு மறுநாள் கட்டாய ஓய்வு தரலாம். கடினமான வார்டை ஒருவர் தலையிலேயே கட்டாமல் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பதிவேடு எழுதும் வேலையில் பாதியை வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். ஆட்களை நியமிப்பது மட்டும் அரசும் நிர்வாகமும் செய்ய வேண்டியது. அதற்கு ஈடாக எந்தப் புகழுரையும் ஆகாது. நம் வகுப்பிலேயே நர்ஸாக விரும்புவோர் பலர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். குளுக்கோஸ் பாட்டில் எப்போது முடியும் என்று ஒரே நோயாளிக்காக ஐந்து பேர் ஐந்து முறை கேட்காதிருந்தால், அந்த சிஸ்டர் தம் காபியைச் சூடாகக் குடிப்பார்.