மழை வந்த பிறகும் மரங்கள் சாவது ஏன்? வறட்சி காலி செய்யும் ‘கார்பன் சேமிப்புக் கணக்கு’

காலநிலை மாற்றம் என்றாலே உடனே வரும் பதில், ‘மரம் நடுவோம்’. காற்றில் இருக்கும் கார்பனை மரம் உறிஞ்சிக்கொள்ளும் என்பதுதான் இதற்கான காரணம். தமிழ்நாட்டின் வனம் மற்றும் மரப் பரப்பை சுமார் 24 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்தும் இலக்கோடு, பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. 2030-க்குள் 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான கார்பனைக் கூடுதலாக காடுகளிலும் மரங்களிலும் சேமிப்போம் என்று பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவும் சொல்லியிருக்கிறது.

ஆனால், மரம் கார்பனை வாங்கி வைத்துக்கொள்வதோடு நிற்பதில்லை. அன்றாடம் செலவும் செய்கிறது. வறட்சி வந்தால் வரவு நின்றுபோகும், செலவு மட்டும் தொடரும். அந்தச் செலவின் பாதிப்பு, மழை திரும்பி 2, 3 ஆண்டுகள் கழித்துக்கூட தெரியவரலாம். எப்படி?

மரம் கார்பனை எங்கே வைக்கிறது?

காற்றிலிருந்து எடுக்கும் கார்பன் டை ஆக்சைடை, சூரிய ஒளியின் உதவியோடு இலை சர்க்கரையாக மாற்றுகிறது. இதுதான் மரத்தின் வருமானம். இதில் ஏறக்குறைய பாதியை மரம் தன் சுவாசத்துக்கே செலவழித்துவிடுகிறது. அந்தக் கார்பன் மறுபடியும் காற்றுக்கே போய்விடும்.

மீதியில் ஒரு பகுதி தண்டாகவும் கிளையாகவும் வேராகவும் மாறுகிறது. உலர்ந்த மரக்கட்டையின் எடையில் கிட்டத்தட்ட பாதி கார்பன்தான். இது திரும்ப எடுக்கவே முடியாத ஃபிக்சட் டெபாசிட் மாதிரி. எவ்வளவு பசித்தாலும் மரத்தால் தன் கட்டையைச் சாப்பிட முடியாது.

இன்னொரு பகுதி, தண்டிலும் வேரிலும் உள்ள உயிருள்ள செல்களில் சர்க்கரையாகவும் மாவுச்சத்தாகவும் சேர்கிறது. இது சேவிங்ஸ் கணக்கு. இலை உதிர்ந்த மரம் மறுபடி துளிர்ப்பதும், வெட்டிய அடிமரத்தில் புதுக் கிளை வெடிப்பதும் இந்தச் சேமிப்பை வைத்துத்தான்.

இந்தச் சேமிப்பு எவ்வளவு பழையது என்பதையும் விஞ்ஞானிகள் அளந்திருக்கிறார்கள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. பிறகு அது படிப்படியாகக் குறைந்துவந்தது. எனவே மரத்துக்குள் இருக்கும் சர்க்கரையில் அந்த அளவைப் பார்த்தால், அது எந்த ஆண்டு வாக்கில் உருவானது என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளில் இப்படிப் பார்த்தபோது, தண்டில் இருந்த சர்க்கரையின் சராசரி வயது ஏறக்குறைய 10 ஆண்டுகள் என்று தெரியவந்தது.

வறட்சியில் என்ன நடக்கிறது?

இலையில் இருக்கும் நுண்ணிய துளைகள் வழியாகத்தான் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகிறது. அதே துளைகள் வழியாகத்தான் தண்ணீரும் ஆவியாக வெளியேறுகிறது. கார்பன் டை ஆக்சைடின் ஒரு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் வெளியே போய்விடும்.

மண்ணில் ஈரம் குறைந்ததும் மரத்துக்கு இரண்டே வழிகள்தான். துளைகளை மூடினால் தண்ணீர் மிச்சமாகும், ஆனால் வருமானம் போய்விடும். திறந்தே வைத்தால் வருமானம் வரும், ஆனால் உள்ளே இருக்கும் நீர்க்குழாய்கள் காய்ந்து காற்றுக் குமிழ்கள் அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்துக்கொண்டால் மேலே இருக்கும் கிளைக்குத் தண்ணீர் ஏறாது.

தேக்கு மாதிரியான மரங்கள் கோடையில் மொத்தமாக இலையை உதிர்ப்பது செலவைக் குறைக்கும் உத்தி. ஆனால் அடுத்து புது இலை விட சேமிப்பில் கைவைத்தே ஆக வேண்டும்.

வெப்பம் கூடும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்றால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரப்பதத்தைத் தாங்க முடியும். காற்றில் அந்த அளவுக்கு ஈரம் இல்லாதபோது, இலையிலிருந்து தண்ணீர் இன்னும் வேகமாக வெளியேறும். சூட்டில் மரத்தின் சுவாசச் செலவும் ஏறும். அதனால் முன்பு மரங்கள் தாக்குப்பிடித்த அதே அளவு மழைக்குறைவு, இப்போது கூடுதல் சேதத்தை ஏற்படுத்தலாம்.

மரம் சாவது பசியாலா, தாகத்தாலா?

இந்தக் கேள்விக்கு விடை தேடி பிரேசிலின் பாரா மாநிலத்தில் உள்ள காஷியுவானா காட்டில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. 1 ஹெக்டேர் அமேசான் காட்டில், தரைக்கு மேலே பிளாஸ்டிக் தகடுகளைப் பரப்பி, மண்ணுக்குப் போகும் மழையில் பாதியைத் திருப்பிவிட்டார்கள். 2002-லிருந்து 20 ஆண்டுகளுக்கும் மேலாக இது தொடர்ந்தது.

அதிகம் செத்தவை பெரிய மரங்கள். 2015-ல் வெளியான ஆய்வில் ஓர் ஆச்சரியம் இருந்தது. வறட்சியில் இருந்த மரங்களின் சர்க்கரை, மாவுச்சத்து இருப்பு பெரிதாகக் குறையவில்லை. சாவுக்குக் காரணம் நீர்க்குழாய்கள் செயலிழந்ததுதான் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தனர்.

ஆனால் எல்லா மரங்களுக்கும் இது அப்படியே பொருந்தாது. 26 வகை மரங்கள் குறித்த ஆய்வு முடிவுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான கட்டுரை, வறட்சியில் செத்த எல்லா வகைகளிலும் நீர்க்குழாய் பாதிப்பு இருந்ததைக் காட்டியது. பலவற்றில் கார்பன் இருப்பும் சரிந்திருந்தது. பைன் போன்ற ஊசியிலை மரங்களில் இது அதிகம். அதாவது கடைசி அடி தாகத்தினுடையது என்றாலும், அதற்கு முன்பே பசி பலவீனப்படுத்தியிருக்கலாம்.

பலவீனமான மரத்தைப் பூச்சிகளும் விடுவதில்லை. பட்டை துளைக்கும் வண்டுகளைப் பைன் மரம் பிசின் சுரந்துதான் விரட்டுகிறது. பிசின் சுரக்கவும் கார்பன் வேண்டும். கலிபோர்னியாவில் 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியும் அதையொட்டிய வண்டுத் தாக்குதலும் சேர்ந்து, 2017 இறுதிக்குள் சுமார் 12.9 கோடி மரங்களைக் கொன்றதாக அமெரிக்க வனத் துறை மதிப்பிட்டது.

மழை வந்த பிறகும் ஏன்?

மழை வந்ததும் மண் நனைந்துவிடும். ஆனால் உள்ளே அடைத்துப்போன குழாய்கள் அவ்வளவு சுலபமாகச் சரியாவதில்லை. பெரும்பாலும் மரம் புதுக் குழாய்களைத்தான் கட்ட வேண்டும். புது வேரும் இலையும் விட வேண்டும். இதற்கெல்லாம் கார்பன் வேண்டும். வறட்சியில் சேமிப்பைக் கரைத்த மரத்துக்கு அது கையில் இருக்காது.

உலகெங்கும் 1,300-க்கும் மேற்பட்ட இடங்களில் மர வளையங்களை அளந்து 2015-ல் வெளியான ஆய்வு, கடும் வறட்சிக்குப் பிறகு 1 முதல் 4 ஆண்டுகள் வரை மரங்களின் வளர்ச்சி குன்றியே இருந்ததைக் காட்டியது.

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. நீலகிரி மாவட்டம் முதுமலையில் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 1988-89-ல் 50 ஹெக்டேர் காட்டை எல்லை பிரித்து, சுமார் 25,000 மரங்களுக்கு எண் இட்டு, எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று ஆண்டுதோறும் கணக்கெடுக்கத் தொடங்கினர். 19 ஆண்டுத் தரவுகளை வைத்து 2010-ல் வெளியான ஆய்வின்படி, பெரிய மரங்களின் சாவு மழை குறைந்த ஆண்டிலேயே உச்சம் தொடவில்லை. 2, 3 ஆண்டுகள் தாமதமாகத்தான் அது தெரிந்தது. சிறிய மரங்களுக்கோ யானையும் தீயும்தான் பெரிய ஆபத்து.

தென்னை விவசாயிகளுக்கு இந்தத் தாமதம் புதிதல்ல. தென்னையில் பாளைக் குருத்து உருவாவதிலிருந்து காய் முற்றுவது வரை ஏறக்குறைய 44 மாதங்கள் ஆகின்றன. அதனால் ஒரு வறட்சியின் அடி 3, 4 ஆண்டு மகசூல் வரை நீள்கிறது.

செத்த மரத்தின் கார்பன் எங்கே போகும்?

மரம் செத்ததும் கார்பன் ஒரே நாளில் வெளியேறிவிடாது. கட்டை மட்க மட்க, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலக்கும். எரிந்தால் உடனே கலந்துவிடும். அமேசானில் 2005-ல் வந்த வறட்சியால், காட்டு மரங்கள் சேமித்திருக்க வேண்டியதில் 120 முதல் 160 கோடி டன் வரை கார்பன் இழப்பு ஏற்பட்டதாக 2009-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

காஷியுவானாவில் ஓர் ஆறுதலான முடிவும் கிடைத்தது. முதல் 15 ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான உயிர்நிறையை இழந்த அந்தக் காடு, பிறகு நிலைபெற்றது. எஞ்சிய மரங்களுக்குப் போதிய தண்ணீர் கிடைத்தது. காடு முழுசாக அழியவில்லை. ஆனால் கார்பனை அதிகம் வைத்திருந்த பெரிய மரங்கள் பல போய்விட்டன.

அப்படியென்றால் மரம் நடுவது வீணா?

நிச்சயமாக இல்லை. ஆனால் எத்தனை கன்று நட்டோம் என்பதை மட்டும் வைத்து கார்பன் கணக்குப் போட முடியாது. இளங்கன்றுக்கு வேரும் ஆழமில்லை, சேமிப்பும் குறைவு. அதனால் நட்டு 3 ஆண்டுகள், 5 ஆண்டுகள் கழித்து எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதுதான் பயனுள்ள எண். அந்த மண்ணின் வறட்சியைத் தாங்கும் உள்ளூர் வகைகளைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம்.

வறட்சிக்குப் பிறகான ஆண்டுகளிலும் கவனம் தேவை. முதல் மழை பெய்ததும் ‘தப்பிச்சாச்சு’ என்று கண்காணிப்பை நிறுத்திவிட்டால், முதுமலையில் தெரிந்தது போன்ற தாமதச் சாவுகள் கணக்கிலேயே வராது. சாலை விரிவாக்கத்துக்காக ஒரு பெரிய மரத்தை வெட்டி, பதிலுக்கு 10 கன்று நடும்போதும் இதே கேள்வி எழுகிறது. அந்த மரம் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த கார்பனை ஈடுகட்ட, அந்தக் கன்றுகள் எத்தனை வறட்சிகளைத் தாண்டி வர வேண்டியிருக்கும்?