மூன்றாவது பின் எதற்கு?

மேசைக் கணினி உள்ள வீடுகளில் இதைப் பலரும் அனுபவித்திருப்பார்கள். வெறுங்காலுடன் தரையில் நின்றுகொண்டு கணினிப் பெட்டியின் பின்புறத் தகட்டில் விரல் நுனி பட்டால், சுருக்கென்று ஓர் உணர்வு ஏற்படும். உலோக உடல் கொண்ட மடிக்கணினியாக இருந்தால், சார்ஜ் ஏறும்போது அதன் மேற்பரப்பு உப்புத்தாளைத் தடவுவது போலச் சொரசொரப்பாகத் தோன்றும். "அது அப்படித்தான் லேசாக ஷாக் அடிக்கும், செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்" என்று வீட்டில் யாராவது உங்களுக்கு யோசனையும் சொல்லியிருப்பார்கள். கணினி ஒழுங்காக வேலை செய்கிறது. எனவே அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

அதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. மின்னலிலிருந்து கணினியைக் காக்கிறோம் என்று கடைக்குச் சென்று 'ஸ்பைக் கார்டு' வாங்கிவந்து மாட்டுகிறோம். பெட்டியைத் தொட்டால் சுருக்கென்னும் வீட்டில் அந்தப் பணத்தில் பெரும்பகுதி வீண்செலவு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தச் சுருக்கென்னும் உணர்வு எங்கிருந்து வருகிறது? கணினிக்குள் உள்ள மின்வழங்கும் பகுதியில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு சிறிய மின்தேக்கிகளை வைத்திருப்பார்கள். ஒன்று பேஸ் கம்பிக்கும் பெட்டியின் உலோக உடலுக்கும் நடுவே இருக்கும். மற்றொன்று நியூட்ரல் கம்பிக்கும் அதே உலோக உடலுக்கும் நடுவே இருக்கும். இரண்டும் சமமானவை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இரண்டு சமமான மின்தேக்கிகள் அதைப் பங்கிட்டுக்கொண்டால் நடுப்புள்ளியில் எவ்வளவு இருக்கும்? 115 வோல்ட். அந்த நடுப்புள்ளிதான் நீங்கள் தொடுகிற பெட்டி! அவற்றின் வழியே பாயும் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாக இருப்பதால் விரல் சுருக்கென்பதோடு போகிறது.

பெட்டியிலிருந்து தரைக்கு ஒரு நல்ல கம்பி போயிருந்தால் இந்த 115 வோல்ட்டுக்கு அங்கே இடமே இல்லை. அது உடனுக்குடன் மண்ணுக்குள் வடிந்திருக்கும். ஆகவே பெட்டி சுருக்கென்றால், புவி இணைப்பு, அதாவது எல்லோரும் 'எர்த்' என்று சொல்கிறோமே, அது அங்கே அறுந்திருக்கிறது, அல்லது முதலிலிருந்தே இல்லை என்று பொருள். இதைச் சோதித்துப் பார்ப்பதற்காக யாரும் பெட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். உள்ளே காப்புறை தேய்ந்து பேஸ் கம்பியே தகட்டில் பட்டுக்கொண்டிருந்தாலும் தொடுகிறவருக்கு முன்கூட்டித் தெரியாது.

கணினியின் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று பின்களில் மேலே உள்ளது மற்ற இரண்டைவிட நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது. அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக நீளம். வேறு துளையில் தவறிப்போய் நுழையக்கூடாது என்பதற்காகத் தடிமன். இவ்வளவு யோசித்து ஒருவர் செய்துவைத்ததை நாம் என்ன பாடு படுத்துகிறோம்! இரண்டு துளைப் பலகையில் நுழையவில்லை என்று அந்தப் பின்னையே வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றும் மாற்றுச் செருகி தெருவோரக் கடையிலும் கிடைக்கிறது. எர்த் கம்பியே போடாமல் மூன்று துளைப் பலகையை மட்டும் சுவரில் பதித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் மேலான ஆபத்து ஒன்று இருக்கிறது. பலகைக்குள் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவது. சோதனை விளக்கு பிரமாதமாக எரியும். சுருக்கென்னும் உணர்வும் மறைந்துவிடும். என்றாவது ஒருநாள் நியூட்ரல் கம்பி வழியில் அறுந்தால், அந்தப் பலகையில் செருகிய எல்லாச் சாதனங்களின் உலோக உடலிலும் 230 வோல்ட் வந்து நிற்கும்.

சரி, இதற்கும் மின்னலுக்கும் என்ன தொடர்பு?

மின்னல் ஒன்றின் உச்ச மின்னோட்டம் சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். அது நேராக உங்கள் வீட்டின்மேல் விழுந்தால், பலகையில் செருகுகிற சிறு கருவி எதுவும் கணினியைக் காப்பாற்றாது. ஆனால் கணினிகள் பழுதாவது பெரும்பாலும் அப்படி நேர் அடியால் அல்ல. தெருமுனையிலோ வயல்வெளியிலோ விழும் மின்னல், கம்பத்தில் ஓடும் கம்பிகளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. சில ஆயிரம் வோல்ட் அளவுள்ள ஓர் அலை கம்பி வழியே வீட்டுக்குள் வருகிறது. ஆய்வுக்கூடங்களில் இத்தகைய மின் எழுச்சியை உருவாக்கிக் கருவிகளைச் சோதிப்பார்கள். அதற்கான மாதிரி அலை 1.2 மைக்ரோ நொடியில் உச்சத்தை எட்டி, 50 மைக்ரோ நொடியில் பாதியாகிவிடும். கண் இமைக்க ஆகும் நேரத்தில் இதுபோல் ஆயிரம் அலைகளை அடுக்கலாம். இதனால்தான் ஸ்டெபிலைசர் இங்கே உதவாது. உள்ளிருக்கும் ரிலே 'டக்' என்று மாறுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

ஸ்பைக் கார்டுக்குள் இருப்பது நாணயம் போன்ற ஒரு சிறு வில்லை. துத்தநாக ஆக்சைடுத் துகள்களைச் சுட்டுச் செய்த இதற்கு வாரிஸ்டர் என்று பெயர். 1960களின் பிற்பகுதியில் ஜப்பானில் உருவாக்கப்பட்டது. சாதாரண மின்னழுத்தத்தில் இது மின்சாரத்தைக் கடத்தாது. அழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டியதும் ஒரு மைக்ரோ நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் கடத்தியாக மாறி, வெள்ளத்தைக் கணினிக்குள் விடாமல் வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. ஏரிக்குக் கலிங்கு எப்படியோ அப்படி. நீர்மட்டம் உயர்ந்தால் கலிங்கு வழியே வெள்ளம் வெளியேறி ஏரிக்கரையைக் காக்கிறது. ஆனால் கலிங்கு கட்டிவிட்டு, அதற்கு அப்பால் வாய்க்கால் வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்? வெள்ளம் ஊருக்குள் புகும்.

அந்த வாய்க்கால்தான் எர்த். தொலைவில் விழுந்த மின்னல் தூண்டும் அலை பெரும்பாலும் பேஸ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளின் மின்னழுத்தத்தையும் ஒருசேர உயர்த்துகிறது. இரண்டும் சேர்ந்தே உயரும்போது அவற்றுக்கு நடுவில் மட்டும் வைத்த வாரிஸ்டருக்கு வேலையே இல்லை. இரண்டிலிருந்தும் எர்த்துக்கு வைத்த வாரிஸ்டர்கள்தாம் உதவ வேண்டும். எர்த் இல்லையென்றால் அவை திருப்பிவிடும் வெள்ளம் எங்கே போகும்? கணினியின் உலோக உடலுக்கு வரும். அங்கிருந்து இணையக் கம்பி வழியாகவோ, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் உங்கள் வழியாகவோ தரையைத் தேடும்.

வழி இல்லாத மின்னல் என்ன செய்யும் என்பதற்கு வரலாற்றில் ஒரு துயரமான சான்று உண்டு. 1752இல் பிராங்க்ளினின் யோசனைப்படி பிரான்சில் நட்ட இரும்புக் கம்பியில் மேகத்தின் மின்சாரம் இறங்கியது. அச்செய்தி ஐரோப்பா முழுதும் பரவியது. அடுத்த ஆண்டு, 1753இல், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கியோர்க் ரிச்மன் என்ற விஞ்ஞானி தம் வீட்டுக் கூரையில் ஒரு கம்பியை நிறுத்தி, அதைத் தம் அறைக்குள் இருந்த அளவுமானி வரை கொண்டுவந்தார். மேகத்தின் மின்சாரத்தை அளக்க வேண்டும் என்பதால் கம்பியைத் தரையோடு இணைக்கவில்லை. புயல் வந்தது. அளவுமானியைப் பார்ப்பதற்காக அவர் குனிந்தபோது கம்பியிலிருந்து தீப்பிழம்பு ஒன்று அவர் நெற்றிக்குப் பாய்ந்தது. அங்கேயே இறந்தார். கூரையிலிருந்து அறை வரை வந்த மின்சாரத்துக்கு, அறையிலிருந்து மண்ணுக்குப் போக அவர் உடலைத் தவிர வேறு வழி அமைந்திருக்கவில்லை.

எர்த் இருந்தால் மட்டும் போதாது, அது குறுகிய வழியாகவும் இருக்க வேண்டும். நேரான ஒரு மீட்டர் கம்பியின் தன்தூண்டல் ஏறத்தாழ 1 மைக்ரோ ஹென்றி. மின்னோட்டம் ஒரு மைக்ரோ நொடிக்கு 500 ஆம்பியர் வீதம் ஏறினால் ஒவ்வொரு மீட்டரிலும் 500 வோல்ட் உண்டாகும். பத்து மீட்டர் கம்பியில் 5,000 வோல்ட்! கம்பி எவ்வளவு தடிமன் என்பது இங்கே பெரிய வேறுபாட்டைத் தராது. பத்தாம் வகுப்பில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை இப்போதைக்கு நம்பி ஏற்றுக்கொள்ளுங்கள். மேல்நிலை வகுப்பில் சூத்திரத்தோடு வரும்.

இன்னொரு விஷயத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கணினிக்கு வரும் கம்பி ஒன்று அல்ல. மின்கம்பி ஒரு பக்கம், இணையக் கம்பி மறுபக்கம். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த காலத்தில், மழைக்காலம் வந்தால் மோடம்கள் வரிசையாகச் செத்துப்போகும். மின்கம்பிக்கு ஒரு தரை, தொலைபேசிக் கம்பிக்கு வேறொரு தரை. மின்னல் அடிக்கும்போது இரண்டு தரைகளின் மின்னழுத்தமும் ஒன்றாக இருப்பதில்லை. ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள்: 5 ஓம் தடையுள்ள எர்த் குழியில் 10,000 ஆம்பியர் இறங்கினால் அந்த இடத்துத் தரையே 50,000 வோல்ட்டுக்கு உயரும். இரண்டு தரைகளுக்கும் நடுவே பாலமாக நின்றது பாவப்பட்ட மோடம். இப்போது கண்ணாடி இழை வந்திருப்பது நல்லதே. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் சில வகை இழை வடங்களில் தாங்கலுக்காக எஃகுக் கம்பி இருக்கிறது. வீட்டுக்குள் இணையப் பெட்டியிலிருந்து கணினிக்கு வருவதும் செம்புக் கம்பிதான்.

"எங்கள் கட்டடத்தில் இடிதாங்கி இருக்கிறதே" என்று கேட்பீர்கள். இடிதாங்கி கட்டடத்தையும் அதில் இருப்பவர்களையும் காப்பதற்காக ஏற்பட்டது. அதன் வழியே பெரும் மின்னோட்டம் இறங்கும்போது பக்கத்துச் சுவருக்குள் ஓடும் கம்பிகளில் மின்னழுத்தம் தூண்டப்படத்தான் செய்யும்.

ஆகவே, எர்த்தைச் சரிசெய்து நல்ல ஸ்பைக் கார்டும் மாட்டிய பிறகுகூட, மேகம் திரளும்போது கணினியைக் கழற்றி வைப்பதே சிறந்த பாதுகாப்பு. சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒற்றைச் சுவிட்சு பேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரல் அப்படியே தொடர்கிறது. சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளியும் சில மில்லிமீட்டர்தான். மின் எழுச்சி பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியைத் தாண்டிவிடும். பிளக்கையும் இணையக் கம்பியையும் சேர்த்தே கழற்றி, சற்றுத் தள்ளி வையுங்கள். மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இது எளிது. மின்கலம் இருக்கிறது, கழற்றிவிட்டு வேலையைத் தொடரலாம்.

ஆனால் எப்போது கழற்றுவது? மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ 3 நொடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அதன் பிறகு பிளக்கைத் தொடப் போகாதீர்கள். அந்த நேரத்தில் மின்கம்பியோடு தொடர்புள்ள எதையும் கையாள்வது ஆபத்து. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்ததாக அரசின் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அவர்களில் பலர் வெட்டவெளியில் இருந்தவர்கள் என்றாலும், வீட்டுக்குள் கம்பியின் மறுமுனையில் இருப்பவருக்கும் பாதுகாப்பு உறுதி இல்லை. கணினி போனால் போகட்டும். உங்கள் பாடக் குறிப்புகளின் நகல் வேறொரு சேமிப்பகத்தில், எந்தக் கம்பியும் செருகாத நிலையில் இருந்தால் போனது இயந்திரம் மட்டுந்தான்.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 'தாமினி' என்ற செயலியை உருவாக்கியிருக்கிறது. அருகில் மின்னல் நெருங்குவதை அது கைப்பேசியில் அறிவிக்கும். வீட்டில் யாருடைய கைப்பேசியிலாவது இருக்கட்டும்.

உங்களிடம் நான் கேட்பது கடைசியாக ஒன்று. வீட்டில் எர்த் குழி எங்கே இருக்கிறது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பல வீடுகளில் யாருக்கும் தெரியாது. குழிமேல் சிமெண்ட் பூசி, பூந்தொட்டி வைத்திருப்பார்கள். அடுத்த முறை எலக்ட்ரீசியன் வரும்போது, கணினி செருகும் பலகையில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே திறந்து பார்க்கக் கூடாது. வெறும் மீட்டரை வைத்து '230 வோல்ட் காட்டுகிறது' என்று அவர் சொன்னால், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் விளக்கை வைத்துப் பார்க்கும்படி கேளுங்கள். அரைகுறையான எர்த்திலும் மீட்டர் எண் காட்டும், விளக்கு மங்கிவிடும். மின்கசிவு துண்டிப்பான் உள்ள வீட்டில் விளக்கை வைத்ததும் அது 'டப்' என்று விழுந்தால் பயப்பட வேண்டாம். எர்த் வழியே மின்சாரம் போய்ச் சேர்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. நியூட்ரலோடு எர்த்தை இணைத்திருக்கிறார்களா என்பதையும் பலகையைக் கழற்றிப் பார்த்துவிடச் சொல்லுங்கள். பள்ளிக் கணினி அறைக்காகவும் இதே கேள்வியை உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் கேட்கலாம்.

எர்த் குழி என்பது ஈர மண், கரி, உப்பு, நடுவே சுமார் இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு இறங்கிய குழாய், அவ்வளவுதான். ஈரம் இருக்கும்வரை மண் மின்சாரத்தை ஏற்கும்; காய்ந்தால் மறுக்கும். மாசி, பங்குனியில் நிலம் காய்கிறது. அதைத் தொடர்ந்து சித்திரையில் கோடை இடிமழை வருகிறது. அதற்கு முன்பே குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.