வடக்கின் சிறுகைத்தொழில்: கட்டடம் மட்டும் போதுமா?

காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்கள் அமைக்கப்படும் என இலங்கை அரசின் 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், அறிவிப்புக்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய நாம், இம்முறை சில கேள்விகளையும் எழுப்ப வேண்டியவர்களாயுள்ளோம்.

இவ்வூர்ப் பெயர்கள் எமக்குப் புதியனவல்ல. அமரர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தில் எழுந்தது காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை. ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடா செய்தது பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. போர் இரண்டையும் முடக்கியது.

பெருந்தொழில்கள் இவ்வாறிருக்க, சிறுதொழில்கள் வளர்ந்த கதை வேறு. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, உள்ளூர் உற்பத்திக்குச் சந்தை கிடைத்தது. யாழ்ப்பாணத்து மில்க்வைற் சவர்க்காரத்தை அறியாத வீடு அன்று இருந்ததா? 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது; வெளிநாட்டுப் பொருட்கள் குவிந்தன; உள்ளூர் உற்பத்தியாளர் போட்டியிட இயலாது தவித்தனர். அரசின் கொள்கை ஒரு தொழிலை வளர்க்கவும் வல்லது, வாட்டவும் வல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பின்னர் பொருளாதாரத் தடைக் காலம். ஜாம் போத்தலில் விளக்கேற்றியும், சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டும் வாழ்ந்த மக்கள் நாம். எம்மவரிடம் கைத்திறனுக்கும் உழைப்புக்கும் என்றும் குறைவிருந்ததில்லை. குறைவாயிருந்தவை வேறு.

போரினால் பாழடைந்த அச்சுவேலித் தொழிற்பேட்டை இந்திய அரசின் உதவியுடன் புனரமைக்கப்பட்டு 2014இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் தொழிற்பேட்டையில் இடம் பெறக்கூடியவர் சிலரே. வீட்டு முற்றத்தில் ஒடியல் காயவைத்து மாவாக்கும் பெண்ணுக்கு அதனால் என்ன பயன்? அவருடைய மாப் பொதியொன்று ரூட்டிங்கிலோ ஈஸ்ற்ஹாமிலோ உள்ள தமிழ்க் கடையை அடைய வேண்டுமாயின், ஆய்வுகூடப் பரிசோதனை வேண்டும். உள்ளடக்கமும் காலாவதித் திகதியும் ஆங்கிலத்தில் அச்சிட்ட உறை வேண்டும். ஏற்றுமதிப் பத்திரங்கள் வேண்டும். இவற்றைத் தனியொருத்தியாக அவர் தேடிக்கொள்ளல் இயலாது. தனியாரால் இயலாத இப்பொதுத் தேவைகளை நிறைவு செய்வதே அரசின் பங்கு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான கைத்தொழில் அபிவிருத்திச் சபையும், 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் உள்ளன. புதிய சபைகள் வேண்டியதில்லை. இருப்பவை கிராமத்தின் வாசல்வரை வரட்டும்.

கடன் விடயமும் கவனத்திற்குரியது. போரின் பின் நுண்கடன் பெற்ற பெண்கள் பலர் வட்டியில் அமிழ்ந்தனர். வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசு முடிவெடுக்க நேர்ந்தது. கிழமைதோறும் தவணை கேட்கும் கடனால் தொழில் வளராது. முதல் விற்பனை வரும்வரை பொறுத்திருக்கும் குறைந்த வட்டிக் கடனே தேவை.

சந்தையின் கதவு ஓரளவு திறந்தேயுள்ளது. 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த பிரித்தானியாவின் வளர்முக நாடுகள் வர்த்தகத் திட்டம் இலங்கைப் பொருட்கள் பலவற்றுக்குச் சுங்கத் தீர்வைச் சலுகை அளிக்கின்றது. அச்சலுகையின் பயன் வடக்கின் சிறு உற்பத்தியாளரையும் சென்றடைய வேண்டாமா?

எமக்கும் கடமையுண்டு. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்து ஈட்டிய பணத்தை ஊருக்கு அனுப்புகிறோம். அது வீடாகிறது, திருமணமாகிறது, கோயில் திருவிழாவாகிறது. இவற்றை நாம் குறை கூறவில்லை. அதில் ஒரு சிறு பங்கு, மாவரைக்கும் இயந்திரமாகவும் உலர்த்தும் கருவியாகவும் மாறட்டும். நன்கொடையாகக் கொடுத்து மறந்துவிடாது, பங்காகக் கொடுத்து ஆண்டுதோறும் கணக்குக் கேட்போம். நாம் கணக்குக் கேட்டால் தொழிலும் ஒழுங்காக நடக்கும், உறவும் கெடாது.

நாடா வெட்டும் நாளில் கைதட்டுவது எளிது. ஐந்தாண்டுகளின் பின் அங்கே எத்தனை இயந்திரங்கள் ஓடுகின்றன, எத்தனை பேர் சம்பளம் பெறுகின்றனர் என்பதே எமது கேள்வியாயிருக்க வேண்டும்.