நம் காசுக்குக் கணக்குச் சொல்வது யார்?

பாடியிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஷிப்டு முடிந்து வெளியே வரும் எந்தத் தொழிலாளியையும் நிறுத்திக் கேளுங்கள். சம்பளச் சீட்டில் பி.எப். பிடித்தம் எவ்வளவு என்று பைசா சுத்தமாகச் சொல்வார். அந்தப் பணம் எங்கே போகிறது, அதற்குக் காவல் யார், அந்தக் காவலரைக் கேள்வி கேட்பவர் யார் என்று கேளுங்கள். "அதெல்லாம் ஆபீசில் பார்த்துக்கொள்வார்கள்" என்பார். ஆபத்து இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

பென்ஷன் என்பது சர்க்கார் இரங்கிப் போடும் பிச்சை அல்ல. 1995 நவம்பர் 16 முதல் நடந்துவரும் தொழிலாளர் பென்ஷன் திட்டத்திற்கு, முதலாளி கட்ட வேண்டிய 12 சதவீதத்திலிருந்து 8.33 சதவீதம் போகிறது. மத்திய சர்க்கார் 1.16 சதவீதம் சேர்க்கிறது. 2014 செப்டம்பரில் வைத்த 15,000 ரூபாய் சம்பள வரம்புப்படி, முதலாளியின் பங்கு மாதம் 1,250 ரூபாய். பெயர்தான் முதலாளியின் பங்கு. உண்மையில் அது நம் கூலியில் ஒரு பாகம். கிழட்டு வயதுக்கென்று தள்ளி வைக்கப்பட்ட கூலி. சொந்தக் கூலிக்குக் கணக்குக் கேட்பது எப்படிக் குற்றமாகும்?

தணிக்கையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மத்திய கணக்குத் தணிக்கைத் தலைவர் ஆண்டுதோறும் பி.எப். நிறுவனத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும், அந்த அறிக்கை பார்லிமெண்டில் வைக்கப்பட வேண்டும் என்று 1952ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. தணிக்கைத் தலைவர் எந்த மந்திரிக்கும் கீழ்ப்பட்டவரல்ல. சுப்ரீம் கோர்ட் நீதிபதியை நீக்குவதற்கு உள்ள வழியில்தான் அவரையும் நீக்க முடியும். இது நல்ல ஏற்பாடு. காப்பாற்ற வேண்டிய ஏற்பாடு. ஆனால் இது மட்டும் போதுமா?

பேரேட்டில் ஏறிய பணத்தைத் தணிக்கை செய்யலாம். ஏறாத பணத்தை என்ன செய்வது? முப்பது பேரை வேலை வாங்கிவிட்டு, சட்டம் கேட்கும் இருபது பேருக்குக் குறைவாக, பதினெட்டுப் பேரை மட்டும் ரிஜிஸ்தரில் காட்டும் கான்ட்ராக்டரின் கணக்கு எந்தப் பேரேட்டிலும் இராது. கூலியில் பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுபவனும் இருக்கிறான். புதிய தொகுப்போ, தகராறு எழுந்து ஐந்து வருஷம் கடந்தால் பாக்கியை நிர்ணயிக்கும் விசாரணையைத் தொடங்கக் கூடாது என்று கதவைச் சாத்துகிறது. முப்பது வருஷம் கழித்துக் கிடைக்க வேண்டிய பென்ஷனுக்கு ஐந்து வருஷக் கெடு! ஏமாற்றியவன் ஐந்து வருஷம் மறைந்திருந்தால் போதும் என்றல்லவா இதற்குப் பொருள்?

உள்ளே வந்த பணத்திற்கும் காவல் தேவை. மும்பை காந்திவலி பி.எப். அலுவலகத்தில் கொரோனா காலத்தில் பொய் விண்ணப்பங்களின் பேரில் சுமார் 19 கோடி ரூபாய் எடுக்கப்பட்டதாக 2021இல் சி.பி.ஐ. அந்த அலுவலக ஊழியர்கள் சிலர் மீது வழக்குப் போட்டது. பணத்தை இழுக்க ஏழைகளின் பாங்குக் கணக்குகள் பயன்படுத்தப்பட்டன என்பது புகார். பொதுக் கிடங்கிலிருந்து நெல் களவு போனால், "என் மூட்டை குறைகிறது" என்று எவரும் உடனே கூவ முடியாது. வெளியிலிருந்து வந்து எண்ணிப் பார்க்கும் கை வேண்டும் என்பது அதனால்தான்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. பென்ஷன் நிதி எத்தனை காலம் தாங்கும் என்று ஆண்டுதோறும் மதிப்பிட வேண்டும் என்பது திட்டத்தின் விதி. அந்த மதிப்பீட்டாளரை நியமிப்பது யார்? மத்திய சர்க்கார். 1.16 சதவீதம் கட்டக் கடமைப்பட்டதும் மத்திய சர்க்கார். பென்ஷனைக் கூட்டலாமா கூடாதா என்று முடிவு செய்வதும் அதே சர்க்கார். மத்திய டிரஸ்டி போர்டின் தலைவரோ தொழிலாளர் மந்திரி. அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் பத்துப் பேர்தான். கடன்காரனே தராசையும் பிடித்துக்கொண்டு எடையும் சொன்னால் எப்படி?

'பற்றாக்குறை' என்ற ஒரே சொல்லைச் சொல்லி, பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாகப் பெறும் உரிமையை 2008இல் எடுத்தார்கள். 2014 செப்டம்பரில் வைத்த 1,000 ரூபாய் குறைந்தபட்ச பென்ஷன் 2025 முடிகிற வரையிலும் உயரவில்லை. கேட்டால் அதே பற்றாக்குறை. பற்றாக்குறை மெய்யாகவே இருக்கலாம். அப்படியானால் நடுநிலையான ஒருவர் கணக்கிட்டுக் காட்டட்டும். யார் பங்கைக் கூட்டினால் அது தீரும் என்பதையும் சொல்லட்டும்.

விவசாயத் தொழிலாளிகள் இதை ஆலைக்காரர் விவகாரம் என்று விட்டுவிட வேண்டாம். 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழை முதியவருக்கு மத்திய சர்க்காரின் பங்கு மாதம் 200 ரூபாய். இந்த உதவித் திட்டங்களின் பணத்திலிருந்து 2.83 கோடி ரூபாயை ஊரக வளர்ச்சி இலாகா வேறு திட்டங்களின் விளம்பரத்துக்குத் திருப்பியது என்பதை 2023இல் பார்லிமெண்டுக்குச் சொன்னவர் அதே தணிக்கைத் தலைவர்தான். சுதந்திரமான தணிக்கை இல்லாவிட்டால் பாட்டியின் கஞ்சிக் காசு விளம்பரப் பலகையானது நமக்குத் தெரிந்தே இராது.

கிராமத்திலிருந்து ஆலை கற்க வேண்டியதும் உண்டு. 2005ஆம் வருஷத்து நூறு நாள் வேலைச் சட்டம், கணக்கைக் கிராம சபையில் வைத்துச் சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. நடைமுறையில் எத்தனையோ குறைகள் இருந்தன. ஆனாலும் மண் சுமந்தவள் எழுந்து நின்று, "இந்த மஸ்டர் ரோலில் உள்ள ஆள் வேலைக்கே வரவில்லை" என்று சொல்லும் பாத்தியதையைச் சட்டம் அவளுக்குத் தந்தது. ஆலைத் தொழிலாளிக்கு அந்தப் பாத்தியதை ஏன் இருக்கக் கூடாது?

ஆகவே நாம் கோருவது இது: நிதியை மதிப்பிடுபவரைச் சர்க்கார் நியமிக்கக் கூடாது, அந்தப் பொறுப்பு சுதந்திரமான அமைப்பிடம் இருக்க வேண்டும். மதிப்பீடும், தணிக்கை ஆட்சேபங்களும், அவற்றுக்கு நிறுவனம் தந்த பதிலும் ஆண்டுதோறும் தமிழில் வெளிவர வேண்டும். பாக்கி வைத்த முதலாளிகளின் பட்டியலை ஒவ்வொரு வட்டார அலுவலக வாசலிலும் ஒட்ட வேண்டும். ஐந்து வருஷக் கெடு ஒழிய வேண்டும்.

கோரிக்கை வெல்லும் வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை பி.எப். பாஸ்புக்கைத் திறந்து, பென்ஷன் பங்கு என்ற பத்தியில் அந்த மாதத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து மிஷினில் நிற்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் பார்த்துக் கொடுங்கள். விட்டுப்போன மாதங்களைத் தேதியோடு எழுதி, சங்கத்தின் மூலம் உடனே புகார் கொடுங்கள். ஐந்து வருஷம் காத்திருக்காதீர்கள்.

கணக்குக் கேட்பது அவநம்பிக்கை அல்ல. உழைத்தவனின் உரிமை அது.