மடி பார்த்தால் வை-ஃபை வராது

மூடிய நிரல் ஒரு துளி கலந்தாலும் கணினி பயனரின் கையை விட்டுப் போய்விடும், அதனால் சமரசமே துரோகம் என்கிறார்கள் கட்டற்ற மென்பொருள் தீவிரர்கள். அச்சம் நியாயம். முடிவு தப்பு.

ஒன்று: 1984-இல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ஸ்டால்மன் தொடங்கிய க்னூ இயங்குதளத் திட்டம் எதில் வளர்ந்தது? மூடிய யுனிக்ஸில்தானே!

இரண்டு: 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. கலப்படம்தான். திண்டுக்கல் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு லினக்ஸைக் காட்ட, தீவிரர்களே, உங்களிடம் வேறு வழி இருந்ததா?

மூன்று: பல வை-ஃபை கார்டுகளுக்கு மூடிய ஃபர்ம்வேர் வேண்டும். கட்டற்ற மென்பொருளில் கறாரான டெபியன் லினக்ஸே 2022-இல் வாக்கெடுத்து அதை நிறுவியில் சேர்த்தது. நீங்கள் மறுத்தால் என்ன ஆகும்? திண்டுக்கல் நாகல் நகர் டிடிபி கடைக்காரர் தூய லினக்ஸை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போடுவார். இதில் எந்தச் சுதந்திரம் வென்றது?