சங்கத்து லோயர் யாருடைய ஆள்?

வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவராகி, சம்பளத்தில் மாதாமாதம் கடன் கழிபடும் தோழர்கள் பலர் கேட்கும் கேள்வி இது: "சங்கத்துக்கு லோயர் இருக்காரே, எங்க பிரச்சினைன்னு போனா ஏன் கைய விரிக்கிறாரு?"

சங்கம் அமர்த்திய சட்டத்தரணிக்குச் சங்கமே கட்சிக்காரர். தனி அங்கத்தவர் அல்ல. இதைச் சொல்லித்தான் நம்மைத் திருப்பி அனுப்புகிறார்கள். அதே நியாயப்படி தலைவரும் அவருடைய கட்சிக்காரர் அல்ல என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர் சங்கங்கள் நிறைய உண்டு. அங்கும் இதே தகராறுதான். அந்நாட்டு வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நடத்தை விதி 1.13, ஓர் அமைப்பின் வழக்கறிஞருக்கு அந்த அமைப்பே கட்சிக்காரர் என்கிறது. நிர்வாகி ஒருவர் அமைப்புக்குப் பெருங்கேடு வரும்படி சட்டத்தை மீறினால், அதை மேலிடத்துக்குக் கொண்டுபோவதும் வழக்கறிஞரின் கடமை. தலைவர் சொன்னார், கடிதம் எழுதினேன் என்று கைகழுவ முடியாது.

நம் நிலைமை இன்னும் சிக்கலானது. பல தோட்டங்களில் வீடமைப்புச் சங்கத்தின் தலைவர் கதிரையில் தோட்டத்துரையே இருந்து வந்திருக்கிறார். காணி அரசுடையது, கம்பனிக்கு 2045 வரை குத்தகை, வீட்டில் இருப்பவரிடம் பெரும்பாலும் உறுதி இல்லை. குசினியை ஆறடி நீட்டிக் கட்டியவருக்குச் சங்கத்தின் பெயரில் நோட்டீஸ் வந்தால், அது அங்கத்தவர்களின் முடிவா, கம்பனியின் விருப்பமா? கம்பனி வழக்குகளைப் பேசும் அதே சட்டத்தரணி சங்கத்துக்கும் பேசினால், இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டுப் பயனில்லை.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி உடைமை மீட்புச் சட்டத்தின்படி வழக்கு வந்தால், செல்லுபடியான அரச அனுமதிப்பத்திரமோ எழுத்துமூல அதிகாரமோ இருக்கிறது என்று காட்டுவதைத் தவிர நீதவான் முன்னால் வேறு எதிர்வாதம் கிடையாது. முப்பது வருஷம் கொழுந்து பறித்தேன், என் தாத்தா இந்த லயத்தில்தான் பிறந்தார் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அப்படியானால் சங்கத்துச் சட்டத்தரணிக்கு முதல் வேலை எது? ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதி வாங்க எழுதுவதா, குசினியை உடைக்க எழுதுவதா?

ஆகவே அவரைப் பொதுக்கூட்டம் தெரிவு செய்யட்டும். கம்பனிக்கு ஆஜராகிறவர் வேண்டாம். அவர் தரும் ஆலோசனையைக் கூட்டத்தில் தமிழில் வாசிக்க வேண்டும். கட்டணத்தைக் கூட்ட அறிக்கையில் பதிய வேண்டும். கணக்குக் கேட்டால் முகம் சுளிக்கும் நிர்வாகம் எதையோ மறைக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நம் பக்கத்துத் தவறுகளையும் மூடக்கூடாது. பொதுக்கானை அடைத்துச் சுவர் எழுப்பி, பக்கத்து வீட்டுக்குள் மழைத்தண்ணீரை விடுகிறவரும் அங்கத்தவர்தான். அவருக்கெதிராகச் சங்கம் எழுதினால் அது சரியே. அவர் தனக்கென்று வேறு சட்டத்தரணியை வைத்துக்கொள்ளலாம். அதற்கு வசதியில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இதே அளவுகோலைத் தொழிற்சங்கத்துக்கும் வைக்க வேண்டும். நம் சந்தாவில் சட்டத்தரணி வைக்கிறோம். தொழில் நியாய சபையில் ஒரு தொழிலாளியின் வழக்கைச் சமரசமாக முடிப்பதா இல்லையா என்பதை அந்தத் தொழிலாளியிடம் கேட்டார்களா, மாவட்டத் தலைவரிடம் மட்டும் கேட்டார்களா? அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.