ஒரு டொலர் பெறாத சுவிட்சும் 124 உயிர்களும்: பத்தாண்டுகள் பேசப்படாத வாகனக் குறைபாடு

வாகன நிறுவனமொன்று தான் விற்ற வாகனங்களைப் பாதுகாப்புக் காரணத்துக்காக மீளப் பெறுவதாக அறிவிக்கும்போது, அந்த நிறுவனத்தின் வாகனங்களே தரமற்றவை எனப் பலரும் எண்ணிவிடுகின்றனர். ஆனால் நாம் அஞ்ச வேண்டியது வெளிவந்த அறிவிப்புக்கு அல்ல; வெளிவர வேண்டிய காலத்தில் வெளிவராமல் போன அறிவிப்புக்கே. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 2014 இல் ஏறத்தாழ 26 இலட்சம் கார்களை மீளப் பெற்ற விவகாரம் இதற்குத் தெளிவான சான்று.

கோளாறு மிகச் சிறியது. செவர்லே கோபால்ட், சற்றேர்ன் அயன் போன்ற சிறிய ரகக் கார்களில் திறப்பைப் போட்டு எஞ்சினை இயக்கும் சுவிட்சுக்குள், திறப்பு தன் நிலையிலிருந்து நழுவாமல் பிடித்துக்கொள்ள ஒரு வில்லுச்சுருளும் சிறு முளையும் இருந்தன. அவற்றின் பிடி போதவில்லை. திறப்புக் கோர்வை பாரமாக இருந்தாலோ, ஓட்டுநரின் முழங்கால் பட்டாலோ, வாகனம் குழியில் விழுந்து எழும்பினாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே திறப்பு பின்னோக்கித் திரும்பிவிடும். உடனே எஞ்சின் நின்றுவிடும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் இயந்திர உதவியின்றி இறுகிவிடும். மோதலின்போது விரிய வேண்டிய காற்றுப்பையும் விரியாது. அதாவது, விபத்தை உண்டாக்கிய கோளாறே அந்த விபத்திலிருந்து உயிரைக் காக்க வேண்டிய கருவியையும் செயலிழக்கச் செய்தது.

இது நிறுவனத்துக்குத் தெரியாமல் நடந்ததல்ல. சுவிட்சின் பிடி நிறுவனமே வகுத்த அளவைவிடக் குறைவாக இருந்தபோதிலும், 2002 இல் பொறியியலாளர் ஒருவர் அதனை ஏற்றுக்கொண்டார். கோபால்ட் சந்தைக்கு வந்த காலத்திலேயே, திறப்பில் முழங்கால் பட்டு எஞ்சின் நின்றுவிடுகிறது என முறைப்பாடுகள் வந்தன. திருத்துவதற்கான யோசனைகள் 2005 இல் முன்வைக்கப்பட்டு, செலவைக் காரணம் காட்டிக் கைவிடப்பட்டன. ஒரு சுவிட்சுக்கு ஆகக்கூடிய மேலதிகச் செலவு ஒரு டொலர்கூட இல்லை. அதற்குப் பதிலாக விற்பனை முகவர்களுக்கு ஓர் அறிவுறுத்தல் சென்றது: திறப்புக் கோர்வையில் உள்ள பாரமான பொருட்களைக் கழற்றிவிடும்படி வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

தவறு இங்கேதான் வேரூன்றியது. ஓடும் வாகனத்தில் எஞ்சின் நின்றுபோவதை நிறுவனம் 'வாடிக்கையாளரின் வசதி' தொடர்பான விடயமாகவே வகைப்படுத்தியது. 'பாதுகாப்பு' என்று எழுதியிருந்தால் சட்டப்படி மீளப்பெற வேண்டியிருக்கும். 'வசதி' என்று எழுதியதால் செலவுக் கணக்குப் பார்க்க முடிந்தது. கோப்பில் எழுதப்பட்ட ஒரு சொல் பலரது விதியைத் தீர்மானித்தது.

2006 இல் சுவிட்சின் வடிவம் சத்தமில்லாமல் மாற்றப்பட்டது. ஆனால் உதிரிப்பாகத்தின் இலக்கம் மாற்றப்படவில்லை. பழையதற்கும் புதியதற்கும் ஒரே இலக்கம் இருந்ததால், பின்னாளில் விபத்துகளை ஆராய்ந்தவர்கள் பழைய கார்களில் மட்டும் காற்றுப்பை விரியாமல் போவது ஏன் என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் தடுமாறினர்.

வெளியே இருந்தவர்கள் விடையை அதற்கு முன்பே நெருங்கியிருந்தனர். விஸ்கொன்சின் மாநிலத்தில் 2006 இல் இரு இளம் பெண்கள் உயிரிழந்த விபத்தை விசாரித்த பொலிஸ் அதிகாரி ஒருவர், திறப்பு நழுவியதையும் காற்றுப்பை விரியாததையும் இணைத்து 2007 இலேயே அறிக்கை எழுதினார். அந்த அறிக்கை நிறுவனத்தின் கோப்பில் கிடந்தது. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அரச நிறுவனமும் தன்னிடம் இருந்த தகவல்களைக் கொண்டு முழுமையான விசாரணையைத் தொடங்கவில்லை. கடைசியில் உண்மையை வெளிக்கொணர்ந்தது ஒரு குடும்பத்தின் பிடிவாதம். ஜோர்ஜியா மாநிலத்தில் 2010 இல் மகளைப் பறிகொடுத்த பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் தரப்பு நிபுணர் பழைய சுவிட்சையும் புதிய சுவிட்சையும் பிரித்து ஒப்பிட்டபோதுதான் இரகசிய மாற்றம் அம்பலமானது.

2014 பெப்ரவரியில் மீளப்பெறல் தொடங்கியது. அப்போது நிறுவனம் ஒப்புக்கொண்ட மரணங்கள் 13. நேருக்கு நேர் மோதி, காற்றுப்பையும் விரியாத விபத்துகளை மட்டுமே அது கணக்கில் எடுத்தது. பின்னர் கென்னத் ஃபைன்பேர்க் என்ற சட்டத்தரணியின் பொறுப்பில் அமைக்கப்பட்ட நட்டஈட்டு நிதியம் ஒவ்வொரு கோரிக்கையாக ஆராய்ந்து 124 மரணங்களையும் 275 பேரின் காயங்களையும் ஏற்றுக்கொண்டது. எண்ணுபவர் யார், எதை எண்ணுகிறார் என்பதைப் பொறுத்து 13 என்பது 124 ஆகிறது. இழப்பை ஏற்படுத்தியவரே இழப்பின் கணக்கையும் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

நிறுவனம் நியமித்த சட்டத்தரணி அன்ரன் வலுக்காஸின் அறிக்கை உள்ளே நிலவிய பழக்கங்களை வெளிப்படுத்தியது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். வெளியே வந்த பின் எவரும் எதையும் செய்யமாட்டார்கள். பொறுப்பு எப்போதும் பக்கத்துப் பிரிவினருடையது. இதற்கு மேலாக, ஊழியர்கள் ஆவணங்களில் தவிர்க்க வேண்டிய 69 சொற்களின் பட்டியல் ஒன்று 2008 இல் பயிற்சிக்காகத் தரப்பட்டிருந்ததும் அரச விசாரணையில் வெளியானது. 'குறைபாடு' என்று எழுதக்கூடாது. 'வடிவமைத்தபடி இயங்கவில்லை' என்று எழுத வேண்டும். பெயர் சொல்லவே அனுமதியில்லாத குறையை யார் திருத்துவார்கள்?

தண்டனை என்னவானது? 2014 மே மாதத்தில் விதிக்கப்பட்ட 35 மில்லியன் டொலர் அபராதம் அன்றைய சட்டம் அனுமதித்த உச்சத் தொகை. 2015 செப்டெம்பரில் நீதித் திணைக்களத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி நிறுவனம் 900 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது. 15 ஊழியர்கள் பதவி நீக்கப்பட்டனர். ஆனால் எந்தத் தனிநபரும் குற்றவியல் வழக்கில் நிறுத்தப்படவில்லை. உடன்பாட்டுக் காலம் முடிந்ததும் நிறுவனத்தின் மீதான குற்றச்சாட்டும் 2018 இல் கைவிடப்பட்டது. இன்னொரு கதவையும் நிறுவனம் மூட முயன்றது. 2009 இல் வங்குரோத்தாகி அரச பணத்தில் மீண்டெழுந்த 'புதிய' நிறுவனம், 'பழைய' நிறுவனத்தின் தவறுகளுக்குப் பொறுப்பல்ல என வாதிட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2016 இல் அந்த வாதத்தை நிராகரித்தது. குறைபாட்டை அறிந்தும் வாகன உரிமையாளருக்குச் சொல்லாதிருந்தவர், அவரது உரிமையைப் பெயர் மாற்றத்தால் பறிக்க முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இது தொலைதேசத்துச் செய்தி மட்டுமல்ல. மீளப்பெறப்பட்ட கார்கள் கனடாவிலும் ஓடின. அங்கு நம் உறவுகளில் எத்தனையோ பேர் வாழ்கின்றனர். இலங்கையின் நிலைமையோ வேறு வகையானது. இங்கு ஓடும் கார்களிலும் வான்களிலும் பெரும்பகுதி ஜப்பானில் பாவிக்கப்பட்டு வந்தவை. மீளப்பெறும் கடிதம் பதிவில் உள்ள உரிமையாளருக்கே போகும். ஜப்பானில் முதல் உரிமையாளருக்குப் போன கடிதம், யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ அதே வாகனத்தை மூன்றாம் கையாக வாங்கியவரைத் தேடி வராது.

தக்காத்தா நிறுவனத்தின் காற்றுப்பைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றை விரியச் செய்யும் இரசாயனம் நீண்டகால வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் கெட்டு, சிறு மோதலிலும் உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கும் என்பது நிரூபிக்கப்பட்டது. உலகெங்கும் கோடிக்கணக்கான ஜப்பானிய, அமெரிக்க, ஐரோப்பிய வாகனங்கள் அதற்காக மீளப் பெறப்பட்டன. எமது காலநிலை அத்தகைய வெப்பமும் ஈரமும் கொண்டதுதான். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீளத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வாகனங்களே மேலும் முதிர்ந்தன.

ஆகவே பாவித்த வாகனம் வாங்குவோர் எஞ்சினையும் டயரையும் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. அடிச்சட்ட இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, உற்பத்தி நிறுவனத்தின் இணையப் பக்கத்திலோ உள்ளூர் முகவரிடமோ அந்த வாகனம் மீளப்பெறல் பட்டியலில் உள்ளதா, திருத்தப்பட்டதா என்று கேட்க வேண்டும். இறக்குமதியின்போதே இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கும்படி அரசிடம் கோர வேண்டும்.

கடிதம் எங்களைத் தேடி வரப்போவதில்லை. கேட்பவருக்கே பதில் கிடைக்கும். ஜோர்ஜியாவின் அந்தப் பெற்றோர் கேட்டபடியே இருந்ததால்தான் 26 இலட்சம் கார்கள் திருத்தத்துக்கு அழைக்கப்பட்டன.